அண்ணாவியாரின் மணலும் பேரனின் கொப்பியும்

விஜயதசமிக் காலையில் திருகோணமலைக் கோயில்களுக்கு ஏடு தொடக்க வரும் பிள்ளைகளைப் பார்க்க எனக்கு எத்தனை வருடமானாலும் அலுக்காது. பத்திரகாளி அம்மன் கோயில் மண்டபத்தில் பெற்றோர் பிள்ளைகளை மடியில் வைத்துக்கொண்டு வரிசையாக இருப்பார்கள். தாம்பாளத்தில் பச்சையரிசி பரப்பியிருக்கும். குருக்கள் பிள்ளையின் ஆட்காட்டி விரலைப் பிடித்து அரிசியில் பெரிதாக அகரம் எழுதுவிப்பார். மஞ்சள் பூசிய பனையோலை ஏட்டைப் பார்த்து “ஆனா, ஆவன்னா” என்று சொல்லிக்கொடுப்பார். சில பிள்ளைகள் அழும். சில, பிடி அரிசியை அள்ளி வாயில் போடும். எழுதுகிற பிள்ளையின் தோளிலிருந்து விரல் நுனிவரை முழுக் கையும் அசையும். பிழைத்தால் அரிசியை ஒருதரம் தடவிவிட்டால் போதும். சின்னக் கைக்கு எழுத்தை அறிமுகப்படுத்த இதைவிட நல்ல வழியை என் உத்தியோக காலம் முழுவதும் நான் கண்டதில்லை.

ஆனால் இன்று அந்த அரிசி ஒரு காலையோடு முடிந்துவிடுகிறது. படம் எடுத்து வெளிநாட்டில் உள்ள சித்தப்பாவுக்கு அனுப்புகிறோம். அடுத்த திங்கட்கிழமை அதே விரல்களுக்குள் பென்சிலைச் செருகி, கட்டம் போட்ட கொப்பியில் ஒரு பக்கம் ‘அ’ எழுதிக்கொண்டு வரச் சொல்கிறது நேசறி. பிள்ளைக்கு வயது மூன்றரை.

நான் ஆரம்பப் பிரிவில் படிப்பித்து ஓய்வு பெற்றவள். முதலாம் தரப் பிள்ளைகளோடுதான் பெரும்பாலும் இருந்தேன். என் அம்மா எழுதப் பழகிய விதமும் என் பேரன் எழுதப் பழகும் விதமும் எனக்குத் தெரியும். வசதி இல்லாத காலத்தில் பிள்ளையின் கைக்குக் கிடைத்தது, வசதி வந்த காலத்தில் பறிபோய்விட்டது. அது என்னை வருத்துகிறது. அதனால்தான் எழுதுகிறேன்.

அம்மா பிறந்தது 1937இல். அவவின் அப்பா கப்பல்துறையில் வேலை. 1942 ஏப்ரல் 9ஆம் திகதி யப்பானிய விமானங்கள் துறைமுகத்திலும் சீனக்குடாவிலும் குண்டு போட்டன. எண்ணெய்த் தாங்கி ஒன்று பற்றி எரிந்தது. நகரத்துச் சனம் கிடைத்த வண்டிலில் ஏறி உள்ளூர்களுக்கு ஓடியது. தாத்தா வேலையில் நிற்க, அம்மம்மா பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு தம்பலகாமத்தில் சொந்தக்காரர் வீட்டுக்குப் போய்விட்டா. பள்ளிக்கூடம் போகவேண்டிய வயதில் அம்மாவுக்குப் பள்ளிக்கூடம் இல்லை. சிலேட்டும் இல்லை. யுத்த காலத்தில் கடதாசிக்கும் தட்டுப்பாடு.

அந்த ஊரில் ஒரு அண்ணாவியார் இருந்தாராம். வயல்காரர். கூத்தும் பழக்குவார். தன் வீட்டுத் திண்ணையில் குருமணலைக் கொட்டிப் பரப்பி, இடம்பெயர்ந்து வந்த பிள்ளைகளையும் ஊர்ப் பிள்ளைகளையும் சேர்த்து இருத்தி எழுத்துச் சொல்லிக்கொடுத்தார். அம்மா அந்தத் திண்ணையை எண்பது வயதிலும் அப்படியே சொல்லுவா. முதலில் எழுத்தே கிடையாதாம். “கோடு கீறு” என்பார். நெட்டாக ஒன்று, படுக்கையாக ஒன்று, பிறகு சாய்வாக. அதற்குப் பிறகு வட்டம், அரை வட்டம், சுழி. பிள்ளைகள் கையால் மணலை அழித்து அழித்துக் கீறுவார்கள். வாய் மட்டும் முழு நெடுங்கணக்கையும் ராகம் போட்டுச் சொல்லிக்கொண்டிருக்கும். சுழியும் வளைவும் கைக்கு வந்த பிறகுதான் அகரம். ஓரெழுத்தைப் பிடிக்கச் சில பிள்ளைகளுக்கு ஒரு நாள் போதும், சிலருக்கு ஒரு கிழமை வேண்டும். அவர் அவசரப்படுத்த மாட்டார் என்று அம்மா சொல்லுவா.

அதற்காக அந்தக் காலமெல்லாம் பொன் என்று சொல்ல மாட்டேன். அண்ணாவியாரின் கையில் பிரம்பு இருந்தது. இடக்கையால் எழுதிய பிள்ளையின் விரல்களைத் துணியால் சுற்றிக் கட்டிவிட்டு வலக்கையால் எழுதச் சொன்னதை அம்மா கண்டிருக்கிறா. பிள்ளை மறந்தால், எழுதுவிக்கிறேன் என்று விரலைப் பிடித்து மணலில் தேய்த்துத் தோல் உரித்த வாத்திமாரும் நாட்டில் இருந்தார்கள். பெண்பிள்ளைகள் பலருக்கு எழுத்தோடு படிப்பு நின்றது. திருகோணமலையில் தங்கம்மா சண்முகம்பிள்ளை அம்மையார் 1923இலேயே பெண்களுக்கென்று பாடசாலை தொடங்கியிருந்தும், அந்த வாசல்வரை போய்ச்சேராத பிள்ளைகள் எத்தனையோ பேர். பிரம்பும் துணிக்கட்டும் போனதற்கு நான் சந்தோசப்படுகிறேன். அவற்றோடு சேர்த்து மணலையும் பொறுமையையும் ஏன் எறிந்தோம் என்றுதான் கேட்கிறேன்.

நான் அரிவரிக்குப் போனது அறுபதுகளில். சட்டம் போட்ட சிலேட்டு, சிலேட்டுப் பென்சில், துடைக்க ஈரத்துணி. கிறீச்சிடும் அந்தச் சத்தம் பல்லைக் கூசவைக்கும். சிலேட்டில் பிழை தங்காது என்பது பிள்ளைக்குப் பெரிய விடுதலை. ஒரு ‘இ’ கோணினால் அழித்துவிட்டு இன்னொன்று. பேரனின் கொப்பியில் கோணின ‘இ’ கோணினபடியே கிடக்கிறது, பக்கத்தில் சிவப்புப் பேனையால் ஒரு வட்டம். அவன் அழிறப்பரால் தேய்த்துத் தேய்த்துத் தாளே கிழிந்துபோன பக்கங்கள் இருக்கின்றன.

தமிழ் நெடுங்கணக்கு நாவுக்காக ஒழுங்குபடுத்தப்பட்டது. உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் ஒன்று, ஆக 247. க, ச, ட, த, ப என்று சொல்லிப் பாருங்கள். ஒலி தொண்டைப் பக்கத்திலிருந்து படிப்படியாக உதட்டுக்கு வந்து சேரும். சொல்லிப் பழக அருமையான வரிசை. கைக்கோ அந்த வரிசை சரிப்படாது. முதல் எழுத்தான ‘அ’வே பெரிய சோதனை. சுழியில் தொடங்கி, வளைந்து திரும்பி, குறுக்கே போய், நெட்டுக்கோட்டில் நிற்க வேண்டும். ‘இ’ அதைவிடக் கடினம். ‘ஐ’யைக் கேட்கவே வேண்டாம். மெய்யெழுத்துப் பக்கம் போனால் ‘ட’ இரண்டே கோடு, ‘ப’ மூன்று கோடு. நான் வகுப்பில் வாய்க்கு ‘ஆனா’விலிருந்து தொடங்குவேன், கைக்கு ட, ப, ம என்று தொடங்குவேன். “படம்”, “பட்டம்” என்று பிள்ளை கொஞ்ச நாளிலேயே தானாக எழுதும்போது அதன் முகத்தைப் பார்க்க வேண்டும்! இன்று எத்தனையோ நேசறிகளில் சுவரில் தொங்கும் அட்டை வரிசைதான் கொப்பிக்கும் வரிசை. அன்னம் வரைந்த அட்டையில் ‘அ’ முதலில் இருக்கிறது, ஆகவே கையும் அங்கிருந்துதான் தொடங்கவேண்டும் என்கிறார்கள். அண்ணாவியார் எந்தக் கல்லூரியிலும் பயிற்சி பெறாதவர். வாயின் வழியும் கையின் வழியும் வேறு என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

கொம்பும் காலும் வரும்போது இன்னொரு முடிச்சு. ‘கெ’ என்று சொல்லும்போது ககரம் முதலில் கேட்கிறது, எழுதும்போது கொம்பு முந்துகிறது. ‘கொ’வில் ஓர் ஒலி எழுத்தின் இரண்டு பக்கத்திலும் நிற்கிறது. ஐந்து வயதுப் பிள்ளை ‘க’வை எழுதிவிட்டுக் கொம்பைப் பின்னால் போட்டால் அது மக்கு என்று அர்த்தமில்லை, காதால் கேட்ட ஒழுங்கில் எழுதியிருக்கிறது. ‘ட’வைக் கண்ணாடியில் பார்ப்பதுபோல் திருப்பி எழுதுவதும் அந்த வயதில் சாதாரணம். அதற்காக மருத்துவரிடம் ஓடிய தாய்மாரை எனக்குத் தெரியும்.

கிண்ணியாவிலிருந்து வந்து என்னோடு படிப்பித்த ரீச்சர் ஒருவர் ஒரு நாள் சொன்னது மறக்கவில்லை. அவவின் பிள்ளைகள் காலையில் பாடசாலையில் இடமிருந்து வலமாகத் தமிழ் எழுதும், பின்னேரம் ஓதப் போய் வலமிருந்து இடமாக அலிஃப், பே எழுதும். “ரெண்டும் குழம்பாதா?” என்று கேட்டேன். “ஓதுற பலகை வேற, சிலேட்டு வேற, ரீச்சர். கைக்குத் தெரியும்” என்றா. நகரத்தில் சிங்களப் பிள்ளைகள் ‘அயன்ன, ஆயன்ன’ என்று தொடங்குவதும் பக்கத்து மதிலுக்கு அப்பால் கேட்கும். இந்தத் துறைமுகத்தைச் சுற்றி மூன்று எழுத்து முறைகள் சின்ன விரல்களுக்காகக் காத்திருக்கின்றன. அதனோடு இங்கிலீசு ஏபிசியும். இத்தனையையும் ஐந்து வயதுக்கு முன்னரே கொப்பியில் ஏற்றிவிட வேண்டும் என்ற அவசரம் மட்டும் புதிது.

1990இல் யுத்தம் மறுபடி மூண்டபோது என் மகளுக்கு நாலு வயது. பாடசாலை மண்டபம் ஒன்றில் அகதிகளாக இருந்தோம். கொப்பி, பென்சில் எதுவும் கையில் இல்லை. அடுப்புக் கரியால் சீமெந்து நிலத்தில் பிள்ளைகளைக் கோடு கீறவிட்டேன், பிறகு முற்றத்து மணலில் எழுத்து. மகளும் அவளோடிருந்த பிள்ளைகளும் அப்படித்தான் எழுதப் பழகினார்கள். அம்மா பக்கத்தில் இருந்து பார்த்துவிட்டு, “உனக்கும் அண்ணாவியார்ர மணல்தான் கிடைச்சிருக்கு, மகள்” என்றா.

2004 டிசம்பர் 26க்குப் பிறகு மணலுக்கும் ஒரு பயம் வந்தது. டச்பே கடற்கரை எங்கள் வீட்டிலிருந்து நடக்கும் தூரம். கடல் ஊருக்குள் வந்ததைக் கண்ட தாய்மார் பல வருடங்களுக்குப் பிள்ளையை ஈரமணலில் இருக்க விடவில்லை. அந்தப் பயத்தை நான் மதிக்கிறேன். இப்போது கடற்கரையில் சனம் திரும்பவும் நிறைந்திருக்கிறது, கச்சான் வண்டிகள் நிற்கின்றன, மான்கள்கூட வீதிக்கு வந்து நிற்கின்றன. பிள்ளைகள் கையில் போனோடு குந்தியிருக்கிறார்கள்.

2020 மார்ச்சில் பாடசாலைகளைப் பூட்டியபோது பேத்தி முதலாம் தரத்தில் சேர்ந்து சில கிழமைதான் ஆகியிருந்தது. பாடம் வாட்சப்பில் வந்தது. எழுத்துக்கு மேலே விரலை இழுத்தால் நிறம் மாறி மணி அடிக்கும் ஒரு செயலியை மகள் போனில் இறக்கிக் கொடுத்தாள். பேத்தி மணி அடிக்க வைத்துக்கொண்டே இருந்தாள். கடதாசியைக் கொடுத்து எழுதச் சொன்னபோது அந்த எழுத்து வரவில்லை. அப்போது அம்மாவுக்கு 83 வயது. முற்றத்து மாமரத்தின்கீழ் கதிரையைப் போட்டு இருந்துகொண்டு, தடியால் மணலில் ஒரு ‘ட’ கீறினா. “இதைப் பார்த்திட்டு அழிச்சுப்போடு குஞ்சு. அழிச்சிட்டு நீ எழுது” என்றா. பேத்தியின் ‘ட’ ஒன்று குள்ளமாக வந்தது, ஒன்று சரிந்து வந்தது, ஒன்று வாசல்வரை நீண்டது. ஊரடங்கு எடுக்கும் முன்னமே அவள் மணலில் சொற்கள் எழுதிவிட்டாள்.

கோணல் எழுத்துக்கு ஒரு வேலை இருக்கிறது என்பதைப் பிறகு வாசித்தேன். அமெரிக்காவில் இந்தியானா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கெரின் ஜேம்ஸ் என்பவரும் அவரது சக ஆய்வாளரும் 2012இல் வெளியிட்ட ஆய்வு அது. வாசிக்கத் தெரியாத ஐந்து வயதளவான பிள்ளைகளுக்கு எழுத்துக்களை மூன்று விதமாகப் பழக்கினார்கள். சிலவற்றைக் கையால் தாமாக எழுதவிட்டார்கள், சிலவற்றைப் புள்ளிக்கோட்டின்மேல் இழுக்கவிட்டார்கள், சிலவற்றை விசைப்பலகையில் தட்டவிட்டார்கள். பின்னர் அந்த எழுத்துக்களைக் காட்டி மூளையை ஸ்கான் செய்து பார்த்தபோது, வாசிப்போடு தொடர்புள்ள பகுதிகள் விழித்தது தாமாக எழுதிப் பழகிய எழுத்துக்களுக்குத்தான். பிள்ளை தானாக எழுதும் எழுத்து ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் வேறாக வரும். இத்தனை கோணலும் ஒரே எழுத்துத்தான் என்று மூளை விளங்கிக்கொள்வதே அதன் பலன் என்பது அவர்கள் தரும் விளக்கம். அம்மா அதை வாசிக்கவில்லை. “அழிச்சிட்டு நீ எழுது” என்ற அவவின் சொல் எனக்கு அந்த ஆய்வுக்குச் சமமாகத் தெரிகிறது. நேசறிகள் இப்போது கட்டுக்கட்டாக வாங்கும் புள்ளிக்கோட்டுப் புத்தகங்களை அதன் பிறகு என்னால் நல்ல கண்ணால் பார்க்க முடியவில்லை.

மரியா மொண்டிசோரி அம்மையார் 1907இல் உரோமாபுரியின் ஏழைக் குடியிருப்பு ஒன்றில் தன் முதல் பிள்ளைகள் இல்லத்தைத் திறந்தவர். உப்புத்தாளில் வெட்டிய எழுத்தைப் பிள்ளை முதலில் விரலால் தடவிப் பழக வேண்டும், எழுதுகோல் அதற்குப் பிறகுதான் என்பது அவரது முறை. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் இந்தியாவில் தங்கியிருந்த அவர் 1944இல் இலங்கைக்கும் வந்து ஆசிரியர்களைப் பயிற்றினார். அவருடைய பெயரைத்தான் இன்று நாங்கள் தெருவுக்குத் தெரு பலகையில் எழுதி மாட்டியிருக்கிறோம். அந்தப் பலகைக்குக் கீழே மூன்று வயதுப் பிள்ளை பென்சிலை முஷ்டியால் பிடித்துக்கொண்டு தேம்புகிறது. தம்பலகாமத்து அண்ணாவியார் அவர் பெயரைக் கேள்விப்பட்டிருக்க மாட்டார். விரல் முதலில் என்பதை அவர் தன் திண்ணையில் நடத்திக்காட்டினார்.

பேரன் போன மாதம் என்னிடம் வந்து, “அம்மம்மா, கை நோகுது” என்று பெருவிரலின் அடியைக் காட்டினான். வீட்டுவேலை, இரண்டு பக்கம் ‘ஈ’. நான் நேசறிக்குப் போய்க் கதைத்தேன். அந்த ரீச்சர் நல்ல பிள்ளை, குறைந்த சம்பளத்துக்கு மாரடிக்கிறவ. “அம்மா, நான் குடுக்காட்டி தாய்மார் வந்து சண்டை பிடிக்கினம். அடுத்த நேசறியில பிள்ளை வசனம் எழுதுதாம் எண்டு சொல்லுகினம்” என்றா. அவ சொன்னது உண்மை. வாசலில் காத்துநிற்கும் தாய்மார் பிள்ளையைத் தூக்கும் முன் கொப்பியைத்தான் திறந்து பார்க்கிறார்கள்.

அந்தத் தாய்மாருக்கு ஒன்று சொல்ல வேண்டும். முதலாம் தரத்தில் சேர்க்கப் பிள்ளை ஓர் எழுத்தும் எழுதிக்காட்டத் தேவையில்லை. வீட்டுக்கும் பாடசாலைக்கும் உள்ள தூரம், பெற்றோர் பழைய மாணவரா, அண்ணன் அக்கா அங்கே படிக்கிறார்களா என்பவற்றுக்குத்தான் புள்ளி. வகுப்பில் எழுத்து அடியிலிருந்து தொடங்கும். விளையாட்டு, செயற்பாடு, எழுத்து வேலை என்ற மூன்றும் கலந்துதான் ஆரம்ப வகுப்பை நடத்த வேண்டும் என்று இந்த நாட்டுக் கல்விச் சீர்திருத்தமே 1999இலிருந்து சொல்கிறது. ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் பரீட்சையின் நிழல் மூன்று வயதுவரை நீண்டு கிடப்பதுதான் இத்தனைக்கும் காரணம். முந்தி எழுதிய பிள்ளை முந்தி வெல்லும் என்று நம்புகிறோம். முதலாம் தரத்தில் நான் கண்டது வேறு. நேசறியில் கொப்பி கொப்பியாக எழுதிவிட்டு வந்த பிள்ளைகளில் பலர் பென்சிலை இறுக்கிப் பிழையாகப் பிடிக்கப் பழகி வந்தார்கள். அந்தப் பிடியை மாற்ற நான் பட்ட பாடு, எழுத்தே தெரியாமல் வந்த பிள்ளைக்கு எழுத்துச் சொல்லிக்கொடுப்பதைவிட அதிகம். அதைவிடப் பெரிய சேதம், எழுதுவது என்றால் முகம் சுளிக்க அவர்கள் ஏற்கெனவே பழகியிருந்தது.

பிள்ளையின் கை வேறு வேலைகளில் பலப்படுகிறது. கச்சான் கோது உடைக்கட்டும். கடற்கரையில் சிப்பி பொறுக்கட்டும். ரொட்டி மாவைப் பிசையவும், அம்மாவோடு சேர்ந்து பயற்றங்காய் முறிக்கவும், சட்டைத் தெறியைத் தானே பூட்டவும் விடுங்கள். தும்புத் தூரிகையைத் தண்ணீரில் தோய்த்து மதிலில் பெரிய வட்டம் போடட்டும், வெயிலே அதை அழித்துவிடும். வெண்கட்டியைக் கொடுப்பதானால் சின்னத் துண்டாக முறித்துக் கொடுங்கள். சின்னத் துண்டை முஷ்டியால் பிடிக்க முடியாது, மூன்று விரல்கள் தாமாக வந்து சேரும். இதை என் வகுப்பில் வருடா வருடம் கண்டேன். இடக்கைப் பிள்ளையை இடக்கையால் எழுத விடுங்கள், கொப்பியை மட்டும் கொஞ்சம் சரித்து வையுங்கள். நெட்டுக்கோடு, படுக்கைக்கோடு, வட்டம், சாய்கோடு எல்லாம் பிள்ளை பார்த்துத் தானாகக் கீறும் நாளில் எழுத்துக்குக் கை தயார். சில பிள்ளைகளுக்கு அது நாலரை வயதில் வரும், சிலருக்கு ஐந்து தாண்டும். இரண்டும் சரி.

அம்மா இப்போது இல்லை. அவ எனக்கு எழுதிய கடிதங்கள் இருக்கின்றன. ‘லை’, ‘ணை’ எல்லாம் பழைய துதிக்கை போட்ட எழுத்துக்கள். தமிழ்நாட்டில் 1978இல் மாற்றி, பிறகு எங்கள் பாடநூல்களிலும் மறைந்துபோன வடிவம் அது. பேத்தி அவற்றை எழுத்துக்கூட்டி வாசித்துவிட்டு, “பூட்டிக்கு வடிவான கையெழுத்து” என்றாள். குண்டு விழுந்த வருடத்தில், கொப்பி இல்லாத ஊரில், மணலில் தொடங்கிய கை அது.

திருகோணமலை முன்பள்ளி ரீச்சர்மாரே, நாலு வயதுப் பிள்ளைக்கு எழுத்து வீட்டுவேலை கொடுக்காதீர்கள். வகுப்பில் ஒரு தட்டு மணல் வையுங்கள். எங்கள் ஊரில் அதற்குக் காசு தேவையில்லை. தாய்மாரே, நேசறி வாசலில் கொப்பியைத் திறந்து பார்ப்பதை விட்டுவிட்டு, இன்றைக்கு என்ன விளையாடினாய் என்று பிள்ளையைக் கேளுங்கள். வீட்டுவேலை வந்தால் எழுதாமலே திருப்பி அனுப்புங்கள். நானும் பேரனின் கொப்பியை அப்படித்தான் அனுப்பிக்கொண்டிருக்கிறேன்.